மூன்றாம் மேசைக் கணினி

தென்காசிதான். கடைசி வரைக்கும் போகிறேன். நீங்கள் புளியங்குடியா? பம்பு செட் உதிரிபாகம் விற்கிறவர் என்றால் உங்களுக்குச் சொன்னால் புரியும். சாஃப்ட்வேர் என்றதும் ஆட்கள் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். நீங்கள் மூடவில்லை. அதனால் சொல்கிறேன்.

இன்னொரு டீ குடித்திருக்கலாம். ஒட்டன்சத்திரத்தில் பஸ்ஸை இவ்வளவு நேரம் நிறுத்துவான் என்று தெரியாமல் போய்விட்டது. பரவாயில்லை.

எங்கள் கம்பெனியில் மொத்தம் ஒன்பது பேர். கோயமுத்தூர் பீளமேட்டில் ஒரு மாடி. திருப்பூர் சாயப்பட்டறைகளுக்கு நிறம் பொருத்துகிற புரோகிராம் செய்து கொடுக்கிறோம். வெளிநாட்டுக்காரன் ஒரு துண்டுத் துணியை அனுப்பி, இதே நிறம் வேண்டும் என்பான். ஒரு கருவி அந்தத் துணியில் பட்டுத் திரும்புகிற ஒளியை முப்பத்தோரு கூறாகப் பிரித்து முப்பத்தோரு எண் கொடுக்கும். அந்த எண்களை வைத்துக்கொண்டு மஞ்சள் இவ்வளவு, சிவப்பு இவ்வளவு, நீலம் இவ்வளவு போடு என்று சொல்வது எங்கள் புரோகிராம். அதன் வயிறு நான் எழுதியது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், தனியாக.

பைத்தான் என்று ஒரு மொழி. எழுதச் சுலபம், ஓட்டம் மெதுவு. அதனால் கணக்குப் போடுகிற பகுதியை மட்டும் சி மொழியில் எழுதினேன். அதைக் கம்பைலர் என்கிற இன்னொரு புரோகிராமிடம் கொடுத்தால் கணினிக்குப் புரிகிற மாதிரி அரைத்துத் தரும். அரைத்ததைப் பைத்தானுக்குள் சொருக வேண்டும். சிக்கல் இங்கேதான். பைத்தானை எந்தக் கம்பைலரில் செய்தார்களோ அதே கம்பைலரில்தான் சொருகுகிற துண்டையும் செய்ய வேண்டும். உங்கள் மரை மாதிரி. பம்பில் ஒரு மரை, நட்டில் வேறு மரை என்றால் என்ன ஆகும்? ஏறுவது போல ஏறும். இரண்டு சுற்றில் பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. ஆமாம், அதேதான். நீங்கள் கையை வைத்துக் காட்டினீர்களே, அதேதான்.

நான் பயன்படுத்தியது இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்துக் கம்பைலர். அப்போதே அது பழசு. இப்போது இறக்கிக்கொள்கிற பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். அது ஒழுங்காக வேலை செய்கிற கணினி எங்கள் ஆபீஸில் ஒன்றுதான், மூன்றாம் மேசையில். அதில் இன்டர்நெட் கிடையாது. கொடுத்தால் அப்டேட் வந்து உள்ளே எதையாவது மாற்றிவிடும். மேலே 'தொடாதே' என்று தாளில் எழுதி ஒட்டியிருந்தேன். ஆயுத பூஜைக்கு மற்ற கணினிகளுக்குப் பெயருக்கு ஒரு பொட்டு. இதற்கு மட்டும் சந்தனம், மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம். பையன்கள் கேலிக்குச் செய்வார்கள். 'குலதெய்வத்துக்கு ஆச்சா சார்?' என்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் சந்தனம் உள்ளே சொட்டிவிடாமல் நான்தான் துடைப்பேன்.

பதினோரு சாயப்பட்டறை எங்களிடம் வாங்கியிருக்கிறது. ஒரு பட்டறையில் சாயம் வாங்குகிற கம்பெனியை மாற்றினால்கூடப் புரோகிராமின் வயிற்றில் ஒரு மாற்றம் செய்யவேண்டி வரும். மாற்றினால் மறுபடி அரைக்க வேண்டும். அரைப்பது அந்தக் கணினியில். அரைக்கத் தெரிந்தது எனக்கு. பதினேழு படி. நாலாவது படியில் ஒரு கோப்பைக் காணவில்லை என்று சொல்லும். கோப்பு அங்கேயேதான் இருக்கும். அப்போது பயப்படாமல் திரையில் இன்னொரு ஜன்னலைத் திறந்து ஐந்தாவது படியை முதலில் செய்துவிட்டு நாலுக்கு வர வேண்டும். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. முதலாளி விஜயரங்கன் எழுதி வைக்கச் சொன்னார். வருஷா வருஷம் சொன்னார். எழுத உட்கார்ந்தால் எங்கே ஆரம்பிப்பது? உட்கார்ந்திருக்கிறேன். எழுந்திருக்கிறேன்.

நான் குறை சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். ஒரு மனுஷனை ஒரு மேசையோடு கட்டிப்போட்டால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

என் மனைவி அரசிக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் தென்காசிக்கு மாற்றல் வந்தது. மின்வாரிய ஆபீஸ். அவளுக்குச் சொந்த ஊர் பக்கம், கேட்டு வாங்கினாள். பிள்ளை செண்பகாவையும் கூட்டிக்கொண்டு போனாள். ஆறு மாசத்தில் நானும் போவதாகத்தான் ஏற்பாடு. விஜயரங்கன் நல்ல மனுஷர், அதைச் சொல்லிவிட வேண்டும். 'தனுஷ்கோடி, எந்தக் கம்ப்யூட்டர்ல வேணும்னாலும் அது பில்டு ஆகிற மாதிரி பண்ணிடுங்க. அப்புறம் தென்காசியிலிருந்தே வேலை பாருங்க, சம்பளத்துல கை வைக்க மாட்டேன்' என்றார். பில்டு என்றால் அரைப்பதுதான். எந்தக் கணினியிலும் என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார் பாருங்கள்.

ஆறு மாசம் மூன்று வருஷம் ஆயிற்று.

செண்பகாவுக்குக் காது குத்து இலஞ்சியில். மொட்டை போட்டாயிற்று. அவள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள், ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். அந்த நேரத்தில் ஆபீஸுக்குப் போன் போட்டேன். சும்மாதான். ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாமே என்று. புதிதாக வந்த பையன், 'மூணாம் டேபிள்ல ஏதோ ஒரு மெசேஜ் வந்திருக்கு சார், ஓகே குடுக்கவா?' என்கிறான். நான் கூப்பிட்டிருக்காவிட்டால்? கொடுத்திருப்பான். சாப்பிடாமல் பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் அச்சு இயந்திரத்தில் தாள் இல்லை என்கிற மெசேஜ். அது அன்றைக்கு. வேறு மெசேஜாக இருந்திருந்தால்? அரசியின் அண்ணன் இன்றைக்கும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவருக்கு இந்த வேலையைப் பற்றி என்ன தெரியும்? மளிகைக் கடை வைத்திருக்கிறார்.

இது வாடிப்பட்டிதானே? வேகமாகத்தான் போகிறான். நாலரைக்கெல்லாம் தென்காசி போய்விடும் போலிருக்கிறது. அரசி ஐந்து மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வருவாள். சொல்கிறேன், அந்த இடத்துக்கு வருகிறேன்.

இந்த மார்ச் மாசம் ஒரு பட்டறையில் எல்லாக் கணினியையும் புதிதாக மாற்றினார்கள். அதில் பழைய பைத்தான் ஏறவில்லை. புதிய பைத்தான் வேண்டும். புதிய பைத்தான் என்றால் புதிய கம்பைலர். இனிமேல் ஒவ்வொருவரும் மாற்றுவார்கள். வேறு வழியே இல்லை என்று ஆகிவிட்டது. நான் உட்கார்ந்தேன். ஐந்து வாரம். முதல் நாள் நூற்றுப் பன்னிரண்டு பிழை. ஒன்றைத் திருத்தினேன், நூற்று நாற்பது. பழைய கம்பைலரின் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வந்து புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று மற்றதைத் தெரியாது என்றது. நாலாவது வாரம் ஒருவழியாகப் பிழையில்லாமல் அரைத்தது. ஓட்டினேன். முதல் தடவை சரியான விடை. இரண்டாம் தடவை சரியான விடை. மூன்றாம் தடவை, குழந்தைச் சட்டைக்கு வெளிர் ரோஸ் கேட்டால், நூறு கிலோ துணிக்கு நாற்பது கிலோ சிவப்புச் சாயம் போடு என்கிறது.

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். மறுநாள் சிரிக்கவில்லை.

அப்போதுதான் ஜெசிந்தா வந்தாள். எங்கள் ஆபீஸில் இரண்டு வருஷமாக இருக்கிற பெண். கெட்டிக்காரி, அதை யாரும் மறுக்கவில்லை. விஜயரங்கன் அவளிடமும் ஒரு பிரதி கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார், என்னிடம் சொல்லாமல். மூன்றாம் நாள் என் மேசைக்கு வந்து நிற்கிறாள்.

'சார், ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது.'

'சொல்லும்மா.'

'ஒவ்வொரு எண்ணாக் கூட்டிக்கிட்டே போறதுக்கு ஒரு இடம் ஒதுக்கி மொத்தம்னு பேர் வெச்சிருக்கீங்கல்ல? அதுக்கு ஆரம்பத்துல எந்த மதிப்பும் குடுக்கவே இல்ல.'

'குடுக்கத் தேவையில்லம்மா. அது பூஜ்யமாத்தான் இருக்கும்.'

'யாரு சார் சொன்னா?'

பாருங்கள் கேள்வியை. யார் சொல்ல வேண்டும்? ஒன்பது வருஷம் பூஜ்யமாகத்தான் இருந்தது. பழைய கம்பைலர் நான் எழுதியதைப் பார்த்ததும் அது என் மனசில் என்ன இருக்கிறது என்று புரிந்துகொண்டது. இவன் பூஜ்யத்திலிருந்துதான் கூட்டப் போகிறான், வேறு எதிலிருந்து கூட்டுவான் என்று. புதியதற்கு அந்த இங்கிதம் கிடையாது. நீ சொன்னாயா? சொல்லவில்லை. அப்படியானால் அந்த இடத்தில் ஏற்கெனவே என்ன குப்பை கிடக்கிறதோ அதிலிருந்து கூட்டுவேன் என்கிறது.

'பழசுலயும் அது அதிர்ஷ்டந்தான் சார்' என்றாள். அந்த இடம் தற்செயலாகச் சுத்தமாக இருந்ததாம், வேறொன்றுமில்லையாம். 'வார்னிங் குடுத்திருக்குமே, பாக்கலையா?' என்று வேறு கேட்டாள். எச்சரிக்கைகளை நான்தான் அணைத்து வைத்திருந்தேன், முதல் வருஷமே. வளவளவென்று வரும். வேலை நடக்கிறபோது அதையெல்லாம் யார் படிப்பது? அவள் எல்லாவற்றையும் திறந்துவிட்டு உட்கார்ந்து படித்திருக்கிறாள். முந்நூறு வரி. மூன்றாவது வரியில் இது இருந்ததாம்.

ஒரே ஒரு பூஜ்யம். அதைப் போட்டாள். ஓடிவிட்டது. அவள் கணினியில் ஓடிற்று, விஜயரங்கன் மடிக்கணினியில் ஓடிற்று, ரிசப்ஷனில் இருக்கிற கணினியில்கூட ஓடிற்று. ஆபீஸே எழுந்து நின்று கை தட்டியது. நானும் தட்டினேன். தட்டாமல் இருக்க முடியுமா?

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒன்பது வருஷம் ஓடிய ஒன்றைப் பிழை என்று எப்படிச் சொல்வது? பதினோரு பட்டறை. எத்தனை லட்சம் சட்டை. ஒரு சட்டையாவது திரும்பி வந்ததா?

சும்மா ஒத்துக்கொண்டு போகிறவன் இல்லை நான். பழையது, புதியது இரண்டிலும் எங்களிடம் இருக்கிற ஆயிரத்து நூற்று நாற்பது நிறத்தையும் ஓட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எட்டு நாள். ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது ஒன்றாக இருந்தது. ஒரு நிறம், வெந்தயக் கலர், ஆறாவது தசம இடத்தில் வேறாக இருந்தது. ஜெசிந்தாவிடம் காட்டினேன். 'சார், பழைய கம்பைலர் எண்ணைச் சுருக்குற விதம் வேற, புதுசு சுருக்குற விதம் வேற. அந்தக் கடைசி இலக்கத்தை எந்தத் தராசும் நிறுக்காது சார்' என்கிறாள். நிறுக்காது என்பதும் வித்தியாசம் இல்லை என்பதும் ஒன்றா?

திருப்பூருக்கே போனேன். நாச்சிமுத்து என்று ஒரு லேப் மாஸ்டர், முப்பது வருஷமாகச் சாயம் பார்க்கிறவர், அவர் கண்ணுக்கு எந்தக் கருவியும் ஈடில்லை. இரண்டு கணக்குப்படியும் இரண்டு துண்டு சாயம் தோய்த்து விளக்குக்குக் கீழே வைத்தோம். பார்த்தார். திருப்பிப் பார்த்தார். 'ஏனுங் சார், எனக்கு ரெண்டும் ஒண்ணாட்டத்தானுங் தெரியுது. இதுல எது பழசு, எது புதுசுன்னு நீங்களே சொல்லுங் பாக்கலாம்' என்றார்.

நான் சொன்னேன்.

'இல்லீங், மாத்திச் சொல்லிப்போட்டீங்' என்றார். லேபில் இருந்தவர்கள் எல்லாம் ஒரே சிரிப்பு. அங்கே விளக்கு சரியில்லை. குழாயை மாற்றி வருஷம் இரண்டு இருக்கும்.

இந்த நடுவில்தான் அரசி போனில் கூப்பிட்டாள். அவள் எப்போதும் சத்தம் போட்டுப் பேசுகிறவள். அன்றைக்கு மெதுவாகப் பேசினாள்.

'அந்தப் பொண்ணு முடிச்சுட்டாளாமே. உங்க முதலாளி சொன்னாரு.'

'முடிச்சுட்டான்னு சொல்ல முடியாது. ஒரு நிறம் இன்னும்...'

'மூணு வருஷமா நான்தான் வாங்க வாங்கன்னு கூப்பிடுதேன். வாரேன்னு நீங்களா வாயத் தொறந்து ஒரு தடவ சொல்லியிருக்கீங்களா?'

'இதெல்லாம் சொல்லணுமா, அரசி?'

 லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. அப்புறம் சொன்னாள்: 'வார வெள்ளிக்கெழம பர்மிஷன் போட்டுட்டு அஞ்சு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல வந்து நிப்பேன். பிள்ளையும் வரும். நீங்க வரலன்னா நான் சண்டையெல்லாம் போட மாட்டேன். இனிமே கூப்பிட மாட்டேன், அவ்வளவுதான்.'

சண்டை போட மாட்டேன் என்றாளே, அது எனக்குப் பெரிய நிம்மதி. வீட்டில் அந்த அளவுக்குப் புரிதல் இருப்பதால்தான் நான் வெளியில் இவ்வளவு தாங்குகிறேன்.

விஜயரங்கனிடம் போய் வெந்தயக் கலர் விஷயத்தைச் சொன்னேன். இன்னும் ஒரு மாசம் வேண்டும் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். 'தனுஷ்கோடி, வெள்ளிக்கிழமை புதுசைப் பதினோரு இடத்துலயும் போடறோம். ஜெசிந்தா பாத்துக்குவாங்க. நீங்க ஊருக்குப் போங்க. மூணு வருஷமா கேட்டீங்கல்ல?' என்றார். கேட்டேன்தான். இல்லை என்று சொல்லவில்லை. கேட்டவனுக்கு ஒரு மாசம் அவகாசம் கொடுத்தால் குறைந்தா போய்விடும்? போங்க என்றால் என்ன அர்த்தம்? ஒன்பது வருஷம் ஒரு மனுஷனைக் கட்டிப்போட்டுவிட்டு, கயிற்றை அவிழ்த்துக் கையில் கொடுத்து, போ என்கிறீர்கள்.

நேற்று சாயங்காலம் அந்தக் கணினியை அணைத்தார்கள். இதற்கு முன்னால் கரண்ட் போய் அது அணைந்திருக்கிறது. யாரும் அணைத்ததில்லை. ஜெசிந்தாதான் என்னைக் கூப்பிட்டாள். 'நீங்களே பண்ணுங்க சார், அதுதான் மரியாதை' என்றாள். எனக்கு ஒரு போன் வந்தது என்று சொல்லி வெளியே போய் நின்றுகொண்டேன்.

திருமங்கலம் தாண்டிவிட்டோமா? நான் பேசிக்கொண்டே வந்ததில் மதுரை வந்ததே தெரியவில்லை. காலையிலிருந்து மூன்று தடவை ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். பல்லடத்தில் எடுத்தாள். தாராபுரத்தில், 'இப்பத்தான் சார் நாலு இடம் முடிஞ்சிருக்கு' என்றாள். ஒட்டன்சத்திரத்தில் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்றால் என்ன நினைப்பது? நீங்களே ஒரு பம்பை மாட்டிவிட்டு வருகிறீர்கள், அங்கே இருக்கிறவர் போனை எடுக்கவில்லை. உங்களுக்கு என்ன தோன்றும்? வேலையாக இருப்பார் என்றா? நீங்கள் நிம்மதியான மனுஷர். எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை.

நீங்கள் தூங்குவதானால் தூங்குங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா வாங்க வேண்டும், செண்பகாவுக்கு. இல்லை, இந்த பஸ் உள்ளே போகாதோ? போகாது. சரி.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது. இருங்கள். போன் அடிக்கிறது, ஜெசிந்தாதான்.

'சொல்லும்மா... ஆமா, ராஜபாளையம் வந்துட்டேன்... பதினொண்ணுலயுமா?... நாச்சிமுத்து லேப்ல? அவரே போட்டுப் பாத்தாரா?... சரி... இல்ல, அந்த வெந்தயக் கலர்... சரி, சரி... யாருமே ஒண்ணும் கேக்கலையா? ஒரு சந்தேகங்கூடவா?... இல்லம்மா, நான் சும்மாதான் கேட்டேன்... திங்கக்கெழம ஒரு எட்டு வந்து... வேண்டாமா... சரிம்மா. வெச்சிடு.'

உங்களுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்காது. எல்லா இடத்திலும் ஓடுகிறது என்கிறாள். பதினோரு பட்டறை, முதல் நாள், ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. இப்படி எங்காவது நடக்குமா? ஒன்பது வருஷத்தில் ஒரு நாள் நடந்ததில்லை. ஒன்று, இவள் மறைக்கிறாள். இல்லாவிட்டால் இவளுக்கே இன்னும் தெரியவில்லை. அது இன்னும் கெடுதல். எச்சரிக்கையே வராதபோதுதான் பயப்பட வேண்டும். குரலைக் கவனித்தேன். ரொம்ப அன்பாகப் பேசினாள்.

என்னை விடமாட்டார்கள். எனக்குத் தெரியும். எட்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து இவ்வளவு தூரம் வந்தாலும் விடமாட்டார்கள்.

அதோ நிற்கிறதே, பச்சை பஸ், அது கோயமுத்தூர்தானே? போர்டு சரியாகத் தெரியவில்லை. மதுரையாக இருந்தாலும் சரி, மாறிக்கொள்ளலாம். தென்காசி இங்கிருந்து இரண்டு மணி நேரம் என்கிறீர்கள். தெரியும். அங்கே போய்விட்டால் திரும்புவது கஷ்டம் சார். பிள்ளை கையைப் பிடித்துக்கொள்ளும்.

மறுபடி அடிக்கிறது. இது அரசி. எங்கே வருகிறீர்கள் என்று கேட்கத்தான். எடுத்தால் ராஜபாளையம் என்று சொல்ல வேண்டும். ராஜபாளையம் என்றால் சந்தோஷப்படுவாள். சந்தோஷப்பட்டவளிடம் அதற்கு மேல் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது? அடிக்கட்டும். சொல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரியும், என் நிலைமை தெரிந்தவள்.

நின்றுவிட்டது.

காலைக் கொஞ்சம் ஒதுக்குங்கள் சார். இங்கே ரொம்ப நேரம் நிறுத்தமாட்டான்.